அழித்து எழுதிய எண்

சென்ற ஜனவரியில் ஒரு மாலைப் பொழுது. வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. என் விடுதி அறைக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால், காதுவரை கம்பளி சுற்றிய இரண்டு உருவங்கள்! வடநாட்டுக் குளிரை வாழ்க்கையில் முதன்முறையாகச் சந்திக்கும் நம் தமிழ்ப் பிள்ளைகள். இளநிலை முதலாண்டு வேதியியல் மாணவர்கள்.

"அண்ணா, உங்களுடைய பழைய ரெக்கார்டு நோட்டு இருக்கிறதா?" என்றான் ஒருவன். மற்றவன் காரணத்தைச் சொன்னான். எஸ்டர் ஒன்றை அமிலத்தின் துணையால் நீர் பிரிக்கும் வேகத்தை அன்று ஆய்வுக்கூடத்தில் அளந்திருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் வினைவேக மாறிலி மிகச் சிறியதாக வந்துவிட்டது. மறுநாள் காலையில் ஒப்படைக்க வேண்டும்.

பெட்டியைத் திறந்து என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். அதே சோதனை, அதே எஸ்டர், அதே அமிலம். அவர்களுடைய எண் என்னுடையதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் இருந்தது. "எங்கேயோ தவறு செய்துவிட்டோம், அண்ணா. உங்கள் எண்களையே கொஞ்சம் முன்பின்னாக மாற்றி எழுதிவிடுகிறோம்" என்று கையை நீட்டினான் முதல்வன்.

நான் நோட்டைக் கொடுக்கவில்லை. என்னைக் கருமி என்று எண்ணிவிடாதீர்கள். ஆளுக்கு ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்து உட்கார வைத்து, ஒரு பழைய கதையைச் சொன்னேன். நான் பெருமையோடு சொல்லிக்கொள்ளக்கூடிய கதை அல்ல அது. எனினும், "இதை நம் சங்க மலருக்கு எழுதுங்கள்" என்று அவ்விருவரும் வற்புறுத்தியதால் எழுதுகிறேன்.

நான் படித்தது ஒரு சிற்றூர் மேல்நிலைப் பள்ளியில். தமிழ்வழியில் பயின்றேன். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் வினைகளின் வேகத்தைப் பற்றி ஒரு பாடம் உண்டு. அதுவரை நாங்கள் படித்த சமன்பாடுகளெல்லாம், எதனோடு எது எவ்வளவு சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதையே கூறின. எப்போது கிடைக்கும் என்று அவை கூறுவதில்லை. பால் தயிராவதற்கு ஓர் இரவு போதும். கிணற்றடி இரும்புக் கம்பி துருப்பிடித்து உதிரப் பல மழைக்காலங்கள் வேண்டும். வாணம் வெடிப்பதற்கோ கண்ணிமைக்கும் நேரங்கூட வேண்டியதில்லை. இந்த வேறுபாட்டை அளந்து சொல்ல வந்ததுதான் வினைவேகச் சமன்பாடு.

பார்வைக்கு அது எளியது. ஒரு பக்கம் வேகம். மறுபக்கம் ஒரு மாறிலி. அதனோடு பெருக்கப்படும் செறிவுகள். ஒவ்வொரு செறிவின் தலைமேலும் ஓர் அடுக்கு எண். அடுக்கு 1 என்றால், செறிவை இருமடங்காக்கும்போது வேகமும் இருமடங்காகும். அடுக்கு 2 என்றால் வேகம் நான்கு மடங்காகும். அடுக்கு பூஜ்யம் என்றால், செறிவை எவ்வளவு கூட்டினாலும் வேகம் அசையாது. இந்த அடுக்குகளைச் சோதனை செய்துதான் காண வேண்டும். சமன்செய்த சமன்பாட்டில் முன்னே நிற்கும் எண்களைப் பார்த்து எழுதக் கூடாது என்று பாடநூல் தெளிவாகவே கூறியது. அந்த வாக்கியத்தை நான் அடிக்கோடிட்டேன், மனப்பாடம் செய்தேன், தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் நம்பவில்லை.

ஏன் நம்பவில்லை என்று கேட்பீர்கள். என்னிடம் ஒரு சுருக்குவழி இருந்தது. அது பலித்துக்கொண்டும் இருந்தது! ஹைட்ரஜனும் அயோடினும் சேர்ந்து ஹைட்ரஜன் அயோடைடு ஆகும் வினையில் இரண்டும் ஒவ்வொரு பங்கு. அடுக்குகளும் ஒன்று, ஒன்று. நைட்ரிக் ஆக்சைடு ஆக்சிஜனோடு சேரும் வினையில் முன்னது இரண்டு பங்கு, பின்னது ஒரு பங்கு. அடுக்குகளும் இரண்டு, ஒன்று. இப்படி நாலைந்து கணக்குகளில் விடை பொருந்தியதும், சோதனை அட்டவணையைப் பார்ப்பதையே நான் விட்டுவிட்டேன். மற்றவர்கள் வகுத்துப் பெருக்கிக் கொண்டிருக்கும்போது நான் விடையைச் சொல்லிவிடுவேன். வகுப்பில் எனக்கு நல்ல பெயர்.

எங்கள் வேதியியல் ஆசிரியர் அதிகம் பேசாதவர். ஒரு நாள், தேர்வில் வராத சோதனை ஒன்றைச் செய்யப் போகிறோம் என்றார். தேர்வில் வராததற்கு நேரம் செலவழிப்பானேன் என்று சிலர் முணுமுணுத்தனர். அச்சிலருள் நானும் ஒருவன்.

சோதனை இதுதான். ஒரு வெள்ளைத் தாளில் கரிய மையால் பெருக்கல் குறி ஒன்று போட வேண்டும். அதன்மேல் கூம்புக் குடுவையை வைத்து, அதில் சோடியம் தயோசல்பேட்டுக் கரைசலை ஊற்ற வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தவுடன் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். முதலில் ஒன்றுமே நிகழாதது போலிருக்கும். பிறகு அரிசி களைந்த நீர் போல ஒரு வெண்மை தோன்றும். கந்தகம் நுண்துகள்களாகப் பிரியப் பிரிய, கரைசல் வெளிர்மஞ்சளாகக் கலங்கும். மேலிருந்து பார்த்தால் அடியிலுள்ள குறி மங்கி மங்கி மறைந்துவிடும். அந்த வினாடியைக் குறித்துக்கொள்ள வேண்டும். குறியை மறைப்பதற்கு ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே அளவு கந்தகந்தான் வேண்டும். ஆகவே நேரம் கூடினால் வேகம் குறைவு என்று பொருள். கூடவே வெளிப்படும் கந்தக டை ஆக்சைடு மூக்கைத் துளைக்கும். சன்னல்களையெல்லாம் திறந்துவைத்து, நேரம் குறித்தவுடன் குடுவையைக் கழுவிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவோம்.

ஆசிரியர் எங்களை இருவர் இருவராகப் பிரித்தார். எனக்கு வாய்த்த துணைவன், பேச்சில் என்னைவிடக் குறைந்தவன், மதிப்பெண்ணிலும் அப்படியே. ஆனால் அவன் கை நிதானமானது. அளவுசாடியில் கரைசலை ஊற்றினால், குனிந்து கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்துப் பார்க்காமல் நிமிர மாட்டான். எனக்கு அது பொறுமையைச் சோதிப்பதாக இருந்தது.

முதற் பகுதியில் அமிலத்தை 10 மில்லிலிட்டராகவே வைத்துக்கொண்டு, தயோசல்பேட்டை மட்டும் மாற்றினோம். 50 மில்லிலிட்டருக்குக் குறி மறைய 32 வினாடி ஆயிற்று. பிறகு 40-ஐ எடுத்து 10 நீர் சேர்த்தோம், 41 வினாடி. 30-க்கு 54, 20-க்கு 83, 10-க்கு 170. கரைசலின் அளவையும் நேரத்தையும் பெருக்கிப் பார்த்தால் 1600, 1640, 1620, 1660, 1700 என்று எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. செறிவு குறைந்த வீதத்திலேயே வேகமும் குறைந்திருக்கிறது. தயோசல்பேட்டின் அடுக்கு 1. சமன்பாட்டிலும் அது ஒரு பங்குதானே என்று நான் தலையசைத்துக்கொண்டேன்.

இரண்டாம் பகுதியில் தயோசல்பேட்டை 30-இலேயே நிறுத்தி, அமிலத்தைப் பாதியாக்க வேண்டும். அதற்குள் பள்ளி விடும் நேரமாகிவிட்டது. எனக்குப் பேருந்து போய்விடும். "மீதியை நீ பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டேன். அவன் தனியே இருந்து செய்து முடித்தான்.

மறுநாள் காலை அவன் நோட்டைக் காட்டினான். அமிலம் 10 மில்லிலிட்டர்: 54 வினாடி. அமிலம் 5, நீர் 5: 58 வினாடி. நான் சிரித்துவிட்டேன். "சமன்பாட்டைப் பார்க்கவில்லையா? ஒரு பங்கு தயோசல்பேட்டுக்கு இரண்டு பங்கு அமிலம். அடுக்கு 2. அமிலம் பாதியானால் வேகம் கால்பங்காக வேண்டும். நேரம் நான்கு மடங்காக வேண்டும். 54-ஐ நான்கால் பெருக்கு: 216. உனக்கு 58 வந்தால் எப்படி?"

"மூன்று முறை செய்து பார்த்தேனே, டா. 57, 59, 58 என்றுதான் வந்தது."

"அப்படியானால் மூன்று முறையும் தவறாகச் செய்திருக்கிறாய்."

அவன் சிறிது நேரம் என் முகத்தைப் பார்த்தான். பிறகு அழிப்பானை எடுத்து, பென்சிலால் எழுதியிருந்த 58-ஐ அழித்தான். 216 என்று எழுதப் போனவனை நான் தடுத்தேன். அவ்வளவு கச்சிதமாக இருந்தால் ஐயம் வரும் என்று, 213 என எழுதச் சொன்னேன். நண்பர்களே, பொய்யை உண்மை போலக் காட்டுவதற்கு அந்த மூன்று வினாடியைக் குறைத்தேனே, அதுதான் இன்றும் என் நெஞ்சைக் குத்துகிறது.

ஆசிரியர் நோட்டுகளைத் திருத்தும்போது எங்கள் பக்கத்தில் நின்றார். தாளைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். பென்சில் அழிந்தாலும் அதன் தழும்பு தாளில் இருக்கும் அல்லவா? என்னை அழைத்தார்.

"213 வினாடி. மூன்றரை நிமிடத்துக்கும் மேல். அவ்வளவு நேரம் குடுவையைப் பார்த்துக்கொண்டு நின்றாயா, தம்பி?"

உண்மையைச் சொல்ல அது நல்ல தருணம். என் துணைவன் பக்கத்தில்தான் நின்றான். "ஆம், ஐயா" என்றேன்.

"சரி. எல்லோரும் வாருங்கள். இன்னொரு முறை நிற்போம்."

வகுப்பு முழுவதும் மேசையைச் சூழ்ந்துகொண்டது. ஆசிரியரே அளந்து ஊற்றினார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கரைசல் வெளுத்தது, கலங்கியது, 57-ஆம் வினாடியில் குறி மறைந்தது. நாங்கள் நிமிர்ந்தோம். அவர் மட்டும் நிமிரவில்லை. "இன்னும் 156 வினாடி இருக்கிறது. காத்திருப்போம்" என்றார்.

காத்திருந்தோம். மறைந்துபோன குறியை நாற்பது பேர் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். யாரும் பேசவில்லை. வினாடிமுள் இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றியது. என் வாழ்நாளில் அவ்வளவு நீண்ட நேரம் ஒன்றை நான் கண்டதில்லை.

முடிந்ததும் அவர் என்னைத் திட்டவில்லை. என் துணைவனைப் பார்த்து, "உன் எண் சரியாகத்தானே இருந்தது? ஏன் அழித்தாய்?" என்று கேட்டார்.

"அவனுக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்தேன், ஐயா" என்றான் அவன்.

பிரம்படி கிடைத்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திராது. தன் கண்ணால் மூன்று முறை கண்டதை ஒருவன் கைவிட்டான். நான் ஒரு முறையும் காணாததை அவன் கையாலேயே எழுத வைத்தேன். மதிப்பெண் அதிகம் வாங்குபவன் என்பதைத் தவிர எனக்கு அதற்கு என்ன உரிமை இருந்தது?

அதன் பிறகுதான் வினைவேகச் சமன்பாட்டைப் பயன்படுத்த நான் கற்றுக்கொண்டேன். ஆசிரியர் கரும்பலகையில் எங்கள் எண்களையே எழுதினார். "ஒரு பொருள் மட்டும் மாறி, மற்றவை மாறாத இரண்டு வரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டே கேள்வி கேளுங்கள். எத்தனை மடங்கு மாற்றினோம்? வேகம் எத்தனை மடங்கு மாறியது?" ஒரு வரியின் வேகத்தை மற்றதன் வேகத்தால் வகுக்கும்போது மாறிலியும் மாறாத செறிவும் அடிபட்டுப் போகின்றன, மிஞ்சுவது ஒரே அடுக்கு. தயோசல்பேட்டை ஐந்தில் ஒன்றாக்கினோம்; வேகமும் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றாயிற்று. அமிலத்தைப் பாதியாக்கினோம், வேகம் 58-க்கு 54 என்ற அளவில் சிறிதே குறைந்தது. அடுக்கைக் கணக்கிட்டால் 0.1 வந்தது. பூஜ்யம் என்றே எழுதிவிடலாமா என்று ஒருவன் கேட்டான். "வந்ததை எழுது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் என்று அடியில் குறிப்பு எழுது" என்றார். அடுக்குகளைக் கண்ட பின்னர்தான், ஏதேனும் ஒரு வரியின் எண்களை இட்டு மாறிலியைக் காண வேண்டும். அந்த மாறிலி மற்ற வரிகளுக்கும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

சமன்பாட்டில் இரண்டு பங்கு கேட்கும் அமிலத்துக்கு, வேகத்தில் மட்டும் ஏன் இவ்வளவு சிறிய இடம்? விடை எனக்கு முழுதும் விளங்கியது இங்கு வந்த பிறகுதான். விளக்கியது நம் விடுதி உணவுக்கூடம்! ஞாயிறு காலையில் எப்போதாவது தோசை வார்ப்பார்கள் அல்லவா? அன்று வரிசை வாசற்படி தாண்டி நிற்கும். தோசைக்கல்லோ ஒன்றே ஒன்று. மாவு ஒரு குண்டான் இருந்தாலும் இரண்டு குண்டான் இருந்தாலும் தோசை ஒரே வேகத்தில்தான் வரும். கல்லை இரண்டாக்கினால் வேகம் இருமடங்காகும். ஒரு தோசைக்கு ஒரு கரண்டி மாவு, அரைக் கரண்டி எண்ணெய் என்பது செய்பக்குவம்; எந்த இடத்தில் வரிசை தேங்கி நிற்கிறது என்பதை அது சொல்லாது. அதைச் சமையற்கட்டில் போய் நின்று பார்த்தால்தான் தெரியும். வேதிவினையும் பெரும்பாலும் பல படிகளில் நடக்கிறது. அவற்றுள் மிக மெதுவான படியே முழு வேகத்தையும் கட்டிப் போடுகிறது.

நைட்ரஜன் டை ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் வினைபுரிகின்றன. ஆனால் தாழ்ந்த வெப்பநிலையில் வேகம் முன்னதன் செறிவின் இருபடியைப் பொறுத்திருக்கிறது. பின்னதற்கு அதில் இடமே இல்லை. ஏனெனில் நைட்ரஜன் டை ஆக்சைடு மூலக்கூறுகள் இரண்டு மோதும் படிதான் மெதுவானது. கார்பன் மோனாக்சைடு அதற்குப் பின்னரே வருகிறது. நைட்ரஜன் பென்டாக்சைடு சிதைவதை எழுதும்போது முன்னே 2 நிற்கிறது, அடுக்கோ 1. அமிலக் கரைசலில் அசிட்டோனோடு அயோடின் சேரும் வினையில் அயோடினின் அடுக்கு பூஜ்யம். சமன்பாட்டில் பெயரே இல்லாத அமிலம் வேகத்தில் பங்கு கேட்கிறது! என் சுருக்குவழி பலித்த கணக்குகள் தற்செயலாகப் பொருந்தியவை என்பதை இவை எனக்கு உணர்த்தின.

1850-இல் வில்ஹெல்மி என்ற ஜெர்மானியர், அமிலம் கலந்த நீரில் கரும்புச் சர்க்கரை எவ்வளவு விரைவாகப் பிரிகிறது என்று அளந்தார். கரைசலின் வழியே ஒளியைச் செலுத்தி, அது எவ்வளவு திரும்புகிறது என்று நேரத்துக்கு நேரம் குறித்தார். எஞ்சியுள்ள சர்க்கரை எவ்வளவோ அதற்கேற்பவே வேகம் இருப்பதைக் கண்டு, அதைச் சமன்பாடாக எழுதினார். குறித்த எண்கள் முதலில், சமன்பாடு அடுத்தது. நான் இந்த வரிசையைத் தலைகீழாக்கியவன்.

இவ்வளவும் சொல்லி முடித்தபோது தேநீர்க் கோப்பைகள் ஆறிக் கிடந்தன. "அப்படியானால் எங்கள் எண் சரியா, அண்ணா?" என்று கேட்டான் இளையவன். "தெரியாது. பார்ப்போம்" என்று இரண்டு நோட்டுகளையும் அருகருகே வைத்தேன். முதல் பக்கத்தின் தலைப்பிலேயே விடை இருந்தது! என் சோதனை ஆகஸ்டு மாதத்தில் செய்தது. வெப்பநிலை 30 டிகிரி என்று எழுதியிருந்தேன். அவர்கள் சோதனை ஜனவரியில், சூடேற்றாத மேசைமேல், 15 டிகிரி.

மாறிலி என்ற பெயரைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. செறிவு மாறினால் அது மாறாது. வெப்பநிலை மாறினால் மாறிவிடும். அது எப்படி மாறுகிறது என்பதை ஸ்வீடன் நாட்டு அறிஞர் அரேனியஸ் 1889-இல் விளக்கிக் காட்டினார். பல வினைகளில் 10 டிகிரி கூடினால் வேகம் இரண்டு மூன்று மடங்காகும். 15 டிகிரி வேறுபாட்டுக்கு நான்கு மடங்கு வந்ததில் வியப்பில்லை. கைகளை உறைய வைத்த அந்தக் குளிரை அவர்களுடைய குடுவையும் உணர்ந்திருக்கிறது. உணர்ந்ததை உண்மையாகச் சொல்லியும் இருக்கிறது. என் ஆகஸ்டு எண்களை அவர்கள் ஜனவரிப் பக்கத்தில் எழுதியிருந்தால், 15 டிகிரி என்ற தலைப்பே அவர்களைக் காட்டிக் கொடுத்திருக்கும்.

தங்கள் எண்களையே அவர்கள் ஒப்படைத்தார்கள். வெப்பநிலையைப் பற்றி அடியில் நான்கு வரி குறிப்பும் எழுதினார்கள்.

பள்ளியில் அன்று மாலையே நான் என் துணைவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடு, டா. அடுத்த முறை பேருந்தை விட்டுவிட்டு நீயும் நின்று பார்" என்றான். அதோடு சரி. அவன் இப்போது திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறான். எத்தனை டிகிரியில், எவ்வளவு நேரத்தில், எவ்வளவு சாயம் துணியில் ஏறுகிறது என்று பார்த்து எழுதுவது அவன் தொழில். அந்தப் பிள்ளைகள் போன பிறகு அவனைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னேன். "இன்னும் பென்சிலால்தான் எழுதுகிறாயா?" என்று கேட்டேன். "பென்சில் உண்டு. அழிப்பான் வைத்துக்கொள்வதில்லை" என்று சிரித்தான்.

என் ரெக்கார்டு நோட்டு இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. வேண்டியவர்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், தேநீரும் உண்டு. உங்கள் எண்ணை மட்டும் முதலில் மையால் எழுதிக்கொண்டு வாருங்கள்.